கடற்கரையோடு நின்றுவிடும் குளிர்கால வானிலைச் செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்தது முதல் மாசி முடியும் வரை தங்கள் நாளிதழில் வரும் வானிலைச் செய்தியை ஒரு வரி விடாமல் படித்து வரும் வாசகன் நான். அந்தச் செய்தியில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய பழைய வட ஆற்காட்டுப் பகுதிகளுக்கு இடமில்லாமல் போவதைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம். என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி முதல் மாசி வரையிலான இந்த ஐந்து மாதங்களிலும் அடுத்த மூன்று நாட்களுக்கான வானிலை முன்னறிவிப்பை, காஷ்மீர் முதல் குமரி வரை நாடு முழுமைக்கும் ஒரு சிறு பத்தியிலும், உள்மாவட்டங்களுக்குத் தனியாக மற்றொரு பத்தியிலும், மழையில்லாத நாட்களிலும் விடாமல் தாங்கள் வெளியிட வேண்டும்.

இப்போது வருவது என்ன என்பதைத் தாங்களே அறிவீர்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் அது முதல் பக்கத்துக்கு வருகிறது. சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, கடலூர், நாகப்பட்டினம் என்று கடலோர மாவட்டங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை என்பது கட்டம் கட்டி வெளியாகிறது. தாழ்வு மண்டலமோ புயலோ கரையைக் கடந்த மறுநாள் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடுகிறது. கடலில் ஒன்றும் இல்லாத நாட்களில் வானிலைச் செய்தியே வருவதில்லை, அல்லது "தமிழகத்தில் வறண்ட வானிலை நிலவும்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வாழும் எங்களுக்கு இவ்வளவு போதாது என்பதைச் சில நிகழ்வுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடப்பதற்கு முந்தைய நாட்களில் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் சென்னைக்கு என்ன ஆகும் என்பதே பேச்சாக இருந்தது. ஆனால் அந்தப் புயல் கரையேறிய பின்னரும் உடனே நகர்ந்துவிடாமல் பல மணி நேரம் அங்கேயே நின்று, பிறகு வலுவிழந்து மேற்கே உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 1ஆம் தேதி மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின் மேல் விழுந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஊத்தங்கரை கடலுக்குப் பக்கத்து ஊர் இல்லை. எங்கள் திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊர். புயல் வலுவிழந்து புயல் என்ற நிலையை இழந்த பிறகும் அதன் ஈரமும் சுழற்சியும் மலைகளில் மோதி எவ்வளவு மழையைக் கொட்ட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கரையைக் கடந்தது என்ற செய்தி கடலோரத்துக்கு ஆறுதல் செய்தியாக இருக்கலாம். ஜவ்வாது மலையடிவாரத்தில் குடியிருப்போருக்கு அதுதான் எச்சரிக்கையின் தொடக்கம்.

2021 நவம்பரிலும் இதுவே நடந்தது. 19ஆம் தேதி அதிகாலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அது புயலாகக்கூட வலுப்பெறவில்லை, பெயரும் இல்லை. அதே நாள் காலை வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து, நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளத்தை இந்தத் தலைமுறை பார்த்ததில்லை; 1903ஆம் ஆண்டு நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்கள் அதோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். பழைய மண்சுவர்களும் ஊறிப்போன செங்கல் சுவர்களும் எங்கள் ஊர்களில் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. இரண்டு நாட்களுக்கு முன்பே, "உங்கள் ஊரில் மிகக் கனமழைக்கு வாய்ப்பு, பழைய சுவரையொட்டிப் படுக்க வேண்டாம்" என்று எங்கள் ஊர்களின் பெயரைச் சொல்லி எழுதியிருந்தால் சிலராவது பள்ளிக்கூடத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ போயிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். தாங்கள் அச்சிடும் வானிலை வரைபடம் தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது. எங்கள் ஆறுகள் அந்த எல்லையை அறியா. பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து ஆந்திரம் வழியாக வாணியம்பாடிக்கு வருகிறது. குடியாத்தம் வழியாக ஓடும் கௌண்டன்யா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரும்பாலும் ஆந்திர வனப்பகுதியில் இருக்கிறது. அங்கே ஓர் இரவு பெய்யும் மழை மோர்தானா அணையை நிரப்பி வழியவிடும். பொன்னையாறு சித்தூர் மாவட்டத்திலிருந்து வருகிறது; அங்கே கலவகுண்டா அணையைத் திறந்தால் பொன்னை, திருவலம் கரையோரங்களில் தண்ணீர் ஏறும். ஆகவே குடியாத்தத்துக்காரருக்குக் குடியாத்தத்தில் மழை பெய்யுமா என்பதைவிடப் ஆந்திரத்துப் பலமநேரில் மழை பெய்யுமா என்பது சில நாட்களில் முக்கியமாகிவிடுகிறது. சித்தூர், கோலார் மாவட்டங்களுக்கான முன்னறிவிப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. ஆனால் அது அமராவதி, பெங்களூரு மையங்களின் அறிக்கைகளில் வருவதால் சென்னை அறிக்கையை மட்டும் பார்த்து எழுதும் தமிழ் நாளிதழ்களுக்கு வந்து சேர்வதில்லை. நாடு முழுமைக்குமான முன்னறிவிப்பைக் கேட்பதற்கு இது முதல் காரணம்.

மழையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். குளிரைப் பற்றி அதைவிட விரிவாக எழுத வேண்டியிருக்கிறது; ஏனென்றால் மழைக்காவது கொஞ்சம் இடம் கிடைக்கிறது, சமவெளிக் குளிருக்கு அதுவும் இல்லை. ஊட்டி தலைக்குந்தாவில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் படம் ஆண்டுதோறும் வருகிறது. அழகான படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் மிகக் குறைந்த வெப்பநிலை பதிவாகும் இடங்களில் திருப்பத்தூரும் வேலூரும் அடிக்கடி இடம்பெறுகின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கடலோரத்தில் இருப்பவர் மின்விசிறியை நிறுத்தினால் போதும் என்ற அளவில் இருக்கும் இரவில், இங்கே கம்பளி இல்லாமல் திண்ணையில் படுக்க முடியாது.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அகில இந்திய வானிலையைத்தான் பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் காற்றழுத்த அலைகளை மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறையினர் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து வரும். அவை காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலைகளில் பனியையும், பஞ்சாப், ஹரியானா சமவெளிகளில் கோதுமைக்கு உதவும் மழையையும் தருகின்றன. ஒன்று கடந்து போனதும் அதன் பின்னால் வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கி, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், விதர்பா, தெலங்கானா வரை பரவுகிறது. அதே நாட்களில் வங்கக் கடலிலிருந்து மேகங்களைக் கொண்டுவரும் கீழைக்காற்று தளர்ந்திருந்தால், எங்கள் பகுதியிலும் வறண்ட வடகாற்று வீசத் தொடங்கும். வானம் நிர்மலமாகிவிடும். பகலில் நிலம் வாங்கிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்த மேகம் இல்லாததால் அது இரவில் வேகமாக வெளியேறும். ஏலகிரி, ஜவ்வாது மலைச் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும். வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே போகும் இரவுகள் இப்படித்தான் அமைகின்றன. மாறாக, வங்கக் கடலில் கீழைக்காற்றில் ஒரு காற்றழுத்த அலை உருவாகி மேகம் படர்ந்தால் ஒரே நாளில் இரவுக் குளிர் மட்டுப்பட்டுவிடும். ஆக, வேலூரின் நாளை மறுநாள் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு கண்ணை இமயத்திலும் மறு கண்ணை வங்கக் கடலிலும் வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

வானிலைத் துறையின் அளவுகோலில் எங்கள் குளிருக்கு எச்சரிக்கையே கிடையாது. சமவெளியில் குளிர் அலை என்று அறிவிக்க, குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழோ இறங்கியிருக்க வேண்டும். வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்கவும் வேண்டும். வட இந்தியாவுக்கு இது பொருத்தமான அளவு. இங்கே 13 அல்லது 14 டிகிரி என்பது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மஞ்சள் நிறமும் வராது, ஆரஞ்சு நிறமும் வராது, செய்தியும் வராது. ஆனால் டெல்லிக்காரர் வீட்டில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை இருக்கிறது. இங்கே பேருந்து நிலையத்தில் படுப்பவருக்கும், மருத்துவமனைகளுக்கு வெளியே நோயாளிக்குத் துணையாக நடைபாதையில் துண்டை விரித்துப் படுப்பவருக்கும், கரும்பு வெட்ட வந்து வயலோரம் தார்ப்பாய்க் குடிசையில் கைக்குழந்தையோடு தங்கியிருப்பவருக்கும் அந்த 13 டிகிரி தாங்க முடியாத குளிர்தான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது பெரியவர்கள் சொல்லி வைத்த சொல். அந்தப் பனி எந்த இரவில் கடுமையாக இருக்கும் என்பதை மூன்று நாட்களுக்கு முன் சொல்லிவிட முடிகிற இந்தக் காலத்தில் அதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயிர்களின் நிலையும் இதுதான். குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்து மாந்தோப்புகளில் மார்கழியிலும் தையிலும் பூ எடுக்கும். அந்தச் சமயத்தில் காலைப் பனியும் மேகமூட்டமும் சேர்ந்து சில நாட்கள் நீடித்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் படரும், தத்துப்பூச்சி பெருகும், பூங்கொத்தைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டியது போல் வெள்ளையாக ஒட்டும், உதறினால் பூ பொலபொலவென்று கொட்டும். மருந்து அடிப்பதற்கு ஆள் கூலி, மருந்து விலை, பெரிய மரங்களுக்கு விசைத்தெளிப்பான் வாடகை என்று எல்லாம் சேர்த்தால் ஒரு தெளிப்புக்கே பெருந்தொகை போய்விடுகிறது. அடித்த அன்று மாலையே தூறல் விழுந்தால் அத்தனையும் மண்ணுக்குப் போகும். மூன்று நாட்களுக்கு மழையில்லை என்று தெரிந்தால் இன்று அடிக்கலாம். நாளை மறுநாள் தூறலுக்கு வாய்ப்பு என்று தெரிந்தால் பொறுத்திருக்கலாம். நெல்லிலும் இரவு 20 டிகிரியை ஒட்டி இருந்து, இலையில் பனி நெடுநேரம் தங்கினால் குலைநோய் தலைகாட்டும். நவரைப் பட்டத்துக்கு நாற்று விடுபவர்கள் கடுங்குளிர் வாரத்தில் விதைத்துவிட்டு, நாற்று எழும்பாமல் மஞ்சளித்து நிற்பதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறுவதும் இந்தக் குளிரால்தான்.

மழையில்லை என்பதும் ஒரு செய்தி என்பதைத் தங்கள் அலுவலகத்தில் இருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும். பாலாற்றுப் படுகையை ஒட்டிய செங்கல் சூளைகளில் இந்த மாதங்களில்தான் வேலை தொடங்கிச் சூடுபிடிக்கும். கல் அறுப்பவர்களுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அறுத்துக் களத்தில் வரிசையாகப் பரப்பிய பச்சைக்கல் ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டி நிறுத்தி, பிறகு அடுக்கி, அதன் பின்னரே சூளைக்கு ஏற்ற முடியும். அதற்குள் அரை மணி நேரம் மழை பெய்தால் போதும்; கல்லின் விளிம்புகள் கரைந்து, மேலே குழி குழியாகி, அடுத்த நாள் பார்த்தால் அத்தனையும் மறுபடி மண்ணாகக் கிடக்கும். அறுத்த கூலி கையில் வராது; முன்பணம் மட்டும் கணக்கில் நிற்கும். இருக்கிற தார்ப்பாய் பாதிக் களத்துக்குக்கூடக் காணாது. ஆகவே எந்தப் பகுதியை மூடுவது, இன்று அறுப்பதா நிறுத்துவதா என்பதெல்லாம் வானத்தைப் பார்த்து எடுக்கிற முடிவுகள். சூளைக் களத்தில் ஒரு பெண்மணி என்னிடம், "ஏண்ணா, பேப்பர்ல எப்பப் பார்த்தாலும் மெட்ராஸுக்குத்தானே மழை போடறாங்க, நம்ம ஊருக்கு என்ன போட்டிருக்காங்கன்னு பாத்துச் சொல்லேன்" என்று கேட்டபோது, என் கையில் இருந்த நாளிதழில் அவருக்குச் சொல்ல ஒரு வரியும் இல்லை.

தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் குடியாத்தம் நெசவாளர்களுக்கும், களத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கும் சம்பா விவசாயிகளுக்கும் இதே கவலைதான். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழை தெற்கிலும் டெல்டாவிலும் அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலம் டெல்டாவில் மறுபடியும் அதையே செய்தது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று சொல்வதற்கில்லை.

அடுத்தது பனிமூட்டம். மழை பெய்து ஓய்ந்து, நிலம் ஈரமாக இருக்கும்போது மேகம் விலகி, காற்றும் அடங்கினால், விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் சூழும். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை எங்கள் மாவட்டங்களின் ஊடாகத்தான் செல்கிறது. பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் பகுதிகளில் தை மாதத்துச் சில விடியற்காலைகளில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு நெருங்கிய பிறகே தெரிகிறது; சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தி வைத்த வண்டி தெரிவதே இல்லை. பார்வைத் தொலைவு 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர் பனிமூட்டம், 50 மீட்டருக்குக் குறைந்தால் மிக அடர் பனிமூட்டம் என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. பொங்கலுக்குச் சொந்த ஊருக்கு இரவோடு இரவாகக் காரில் வரும் குடும்பங்கள் முந்தைய நாள் நாளிதழில், "நாளை அதிகாலை 5 மணி முதல் 8 மணி வரை பாலாற்றுப் பள்ளத்தாக்கில் பனிமூட்டத்துக்கு வாய்ப்பு" என்ற ஒரு வரியைப் படித்தால், புறப்படும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கும்.

வட இந்தியப் பனிமூட்டமும் எங்களை எட்டுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பஞ்சாப் முதல் பீகார் வரை கங்கைச் சமவெளி முழுவதும் நாட்கணக்கில் பனிமூட்டத்தில் மூழ்கிக் கிடக்கும். அந்த மாதங்களுக்கென்றே சில ரயில்களை முன்கூட்டியே ரத்து செய்வதும் உண்டு. ஓடுகிற ரயில்கள் பல மணி நேரம் தாமதமாக வருகின்றன. வேலூரில் சிகிச்சை பெற மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து நாள்தோறும் மக்கள் காட்பாடியில் வந்து இறங்குவதை இங்கே எல்லோரும் அறிவர். கையில் எக்ஸ்ரே உறையும் மருத்துவக் கோப்புமாக இறங்கும் அவர்களுக்கு மருத்துவரைப் பார்க்க ஒதுக்கிய நேரம், வண்டி காட்பாடிக்கு வருவதற்கு முன்பே கடந்து போயிருக்கும். அவர்கள் தமிழ் நாளிதழ் படிக்கப் போவதில்லை. ஆனால் காந்தி ரோடு விடுதிகளில் அறை ஒதுக்குவோரும், ஆட்டோ ஓட்டுவோரும், அவர்களுக்குத் துணை நிற்கும் நம் ஊர்க்காரர்களும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். வட இந்தியச் சமவெளியில் அடுத்த மூன்று நாட்கள் அடர் பனிமூட்டம் என்று தெரிந்தால் அவர்களுக்கும் உதவும். கேரளா எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் டெல்லியிலிருந்து ஊர் திரும்பும் நம் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உதவும்.

பிள்ளைகள் என்றதும் பட்டாளத்துப் பிள்ளைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு ராணுவத்தினர் இருக்கும் ஊர்கள் எங்கள் மாவட்டத்தின் பெருமை. காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்துக்குச் சில்லை கலான் என்று பெயர். எங்கள் ஊர்களில் பல தாய்மார்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. பொங்கலுக்கு விடுமுறை கிடைத்தும், பனிப்பொழிவாலும் மண்சரிவாலும் ஜம்மு - ஸ்ரீநகர் சாலை மூடப்பட்டு, விமானமும் ரத்தாகி, பண்டிகை முடிந்த பிறகு வந்து சேர்ந்த பிள்ளைகள் உண்டு. அந்தச் சாலை, கிருஷ்ணகிரி வழியாகக் கன்னியாகுமரி வரை வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தொடக்கப் பகுதிதான். பனிச்சரிவு எச்சரிக்கைகளை சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் அன்றாடம் வெளியிடுகிறது. மேற்கத்திய இடையூறு ஒன்று நாளை மறுநாள் காஷ்மீரை அடைகிறது என்ற வரி சென்னை வாசகருக்குத் தொலைதூரச் செய்தியாக இருக்கலாம். இங்கே அது வீட்டுச் செய்தி.

எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். வானிலைத் துறையின் மௌசம் செயலி இருக்கிறது. விவசாயிகளுக்கென மேகதூத் செயலி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மாவட்டவாரியாக வேளாண் வானிலை அறிவுரை வெளியாகிறது. தனி ஆர்வத்தால் வானிலையைக் கணித்துச் சொல்லும் இளைஞர்கள் தமிழில் பலர் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் செயலியில் தெரிவது ஒரு மேகப் படமும் ஓர் எண்ணும் மட்டுமே. அது ஏன் அப்படி, எவ்வளவு உறுதி, நம் வேலைக்கு அதனால் என்ன என்பதை அது சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் வருவதோ பல நேரம் போன ஆண்டு வெள்ளத்தின் காணொளி. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கும் நாளிதழுக்கு இருக்கும் நம்பகத்தன்மை இன்னும் வேறெதற்கும் வரவில்லை.

முன்னறிவிப்பைச் சுருக்கும்போது அதன் அளவைக் கெடுத்துவிடாமல் எழுத வேண்டும் என்பதையும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். ஓரிரு இடங்களில் மழை என்று வானிலை மையம் சொன்னால் அந்தப் பகுதியின் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை என்று பொருள். பெரும்பாலான இடங்களில் என்றால் 75க்கு மேல். கனமழை என்பது ஒரு நாளில் 6.5 சென்டிமீட்டரை ஒட்டித் தொடங்குகிறது; மிகக் கனமழை 11.5 சென்டிமீட்டருக்கு மேல்; 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. ஓரிரு இடங்களில் கனமழை என்ற அறிக்கை, "வேலூரில் கனமழை கொட்டும்" என்ற தலைப்பாக மாறும்போது, மழை பெய்யாத முக்கால் பங்கு மக்கள் அடுத்த முறை எச்சரிக்கையையே நம்புவதில்லை. மூன்று நாள் முன்னறிவிப்பிலும் முதல் நாளைவிட மூன்றாம் நாளுக்கு உறுதி குறைவு. தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே விலகினால் மழை முழுவதும் ஆந்திரத்துக்குப் போய்விடும். இதை மறைக்காமல் சொன்னால் வாசகர் புரிந்துகொள்வார். ஞாயிறுதோறும் அந்த வாரம் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் இன்னும் நல்லது. இதைச் செய்யும் துணிவு தங்கள் இதழுக்கு உண்டு என்று நம்புகிறேன்.

உள்மாவட்டப் பத்தியில் என்ன வர வேண்டும் என்று கேட்டால், வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, அரக்கோணம் ஆகிய ஊர்களில் அடுத்த மூன்று இரவுகளில் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வெப்பநிலை, ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் அது எவ்வளவு, பனிமூட்டத்துக்கும் மழைக்கும் உள்ள வாய்ப்பு, களத்தில் காயப் போடத்தக்க வெயில் உண்டா என்பவை போதும். நேற்றைய மழை அளவைப் போடும்போது காலை 8.30 மணி வரையிலானது என்று குறிப்பிட்டு, மேலாலத்தூர், அம்முண்டி, விரிஞ்சிபுரம், ஆலங்காயம் போன்ற நிலையங்களின் அளவையும் சேர்க்கலாம். சென்னை வானிலை மையத்தின் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன, அச்சுக்கு வரும்போதுதான் உதிர்ந்துவிடுகின்றன. அகில இந்தியப் பத்தியில் மேற்கத்திய இடையூறு எங்கே இருக்கிறது, குளிர் அலையும் அடர் பனிமூட்டமும் எந்த மாநிலங்களில், ரயில், விமான, மலைச்சாலைப் போக்குவரத்தில் அதன் விளைவு, வங்கக் கடலின் நிலை ஆகியவற்றை ஐந்தாறு வரிகளில் அடக்கிவிடலாம். 1875இல் தொடங்கப்பட்டு 150 ஆண்டுகளைக் கடந்துவிட்ட வானிலைத் துறை இவை அனைத்தையும் இலவசமாகவே வெளியிடுகிறது. மாலை அறிக்கையைப் பார்த்து எழுதினால் இரவு அச்சுக்குப் போகும் பதிப்புக்கு நேரம் இருக்கும். இதற்குத் தேவை தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்த ஒரு துணையாசிரியரும், அன்றாடம் ஒரு மணி நேரமும்தான்.

வரும் ஐப்பசி முதல் நாளிலிருந்தே வேலூர்ப் பதிப்பில் இதைத் தொடங்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விளம்பரம் மிகுந்த நாட்களில் இடம் போதாமல் போனால் அகில இந்தியப் பத்தியை இரண்டு வரியாகச் சுருக்கினாலும், சித்தூர் மாவட்ட மழை வாய்ப்பையும் எங்கள் ஊர்களின் இரவு வெப்பநிலையையும் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.